மைனஸ் தெரியாத பெட்டி

என் நாத்தனாருக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். எங்கள் வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே சமையலறைக்குப் போய் ஃபிரிட்ஜ் கதவை அழுத்திப் பார்ப்பார். நன்றாகத்தான் சாத்தியிருக்கும். அப்படியும் அழுத்துவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த மனுஷி மருந்துப் பெட்டியைத் திறந்து போட்டுவிட்டார் என்றால் நான் எப்படி நம்புவேன்?

அவர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். தடுப்பூசி அறை அவர் பொறுப்பு. நானும் என் கணவரும் வேலை பார்க்கும் கம்பெனி செய்த குளிர்பெட்டி ஒன்று சோதனைக்காக அங்கே போயிருந்தது. ஒருநாள் காலையில் பார்த்தால் பெட்டியில் 'சூடு' என்று சிவப்பு விளக்கு எரிகிறது, உள்ளே மருந்தெல்லாம் உறைந்து கிடக்கிறது. கதவைத் திறந்து வைத்திருக்கிறார், சூடு ஏறியதும் பயந்துபோய்க் குளிரைக் கண்டபடி கூட்டியிருக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். "கதவையும் திறக்கலை, எதையும் தொடவும் இல்லை" என்று அவர் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கூடப் பிறந்த தம்பியான என் கணவரே போட்டுக்கொள்ளவில்லை. மறுநாள் மதியம் விசாரணை. வேலை போனாலும் போகும்.

விசாரணை நாள் காலை ஆஃபீஸில் நுழைந்ததும் கணவரிடம் சொன்னேன்.

"கர்னலை முதல்லேர்ந்து கம்பைல் பண்ணப் போறேன். வார்னிங் ஒண்ணு விடாம தெரியற மாதிரி."

கர்னல்தான் பெட்டிக்குள் இருக்கும் குட்டிக் கணினியின் ஆணிவேர். வெப்பமானியைப் படிப்பது, மோட்டாரை ஓட்டுவது எல்லாம் அதன் வேலை. அதைத் தானே தயாரித்துக்கொள்ள அந்தக் குட்டிக்குத் தெம்பு கிடையாது. எங்கள் பெரிய கணினியில் தயாரித்து அதற்குள் ஏற்றுவோம். இங்கே சமைத்து வேறொரு வயிற்றுக்குப் போடுகிற வேலை. அந்த வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று, சமைத்துத் தரும் கம்பைலர் என்கிற புரோகிராம் அவ்வப்போது முணுமுணுக்கும், அதுதான் வார்னிங். என் கணவர் அதன் வாயைக் கட்டி வைத்திருந்தார். ஆஃபீஸில் அவருக்குப் பெயரே 'பரவால்ல'.

"எதுக்கும்மா? கம்பைல் ஆகுது, ஓடுது. வார்னிங்லாம் பரவால்ல."

"உங்க அக்கா சொன்னதும் பரவால்ல, மெஷின் சொல்றதும் பரவால்ல. யார் சொன்னாதான் கேப்பீங்க?"

அவர் தன் நாற்காலிக்குத் திரும்பிப் போனார். வார்னிங்கை மறைக்க அவர் எழுதி வைத்திருந்த ஒற்றை வரியை எடுத்துவிட்டு ஓட்டினேன். இத்தனை வருஷம் அடக்கி வைத்த பேச்சு மொத்தமும் திரையில் கொட்டியது. பெரும்பாலும் நாங்கள் கர்னலில் சேர்த்த பகுதிகள்தான். ஆளாளுக்கு வந்து ஒட்டுப்போட்டுவிட்டுப் போன இடம்.

"இதைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள உனக்குப் பேரன் பேத்தி பொறந்துடும்" என்றார், டீயைப் பக்கத்தில் வைத்துவிட்டு.

"பொறக்கட்டும்" என்றேன்.

ஒவ்வொன்றாகப் படித்தேன். எங்கோ அறிவித்து எங்கும் பயன்படுத்தாத பெயர்கள், யாரும் கூப்பிடாத பழைய துண்டுகள். சரிசெய்வதும் மறுபடி ஓட்டுவதுமாகப் போனது. கண் எரிந்தது, டீ ஆறிப்போனது. விடுவதாக இல்லை. நாலு பேர் ஒரு பெண்ணைப் பொய்க்காரி என்கிறார்கள், நான் பட்டியல் நீளம் என்று எழுந்து போவதா?

வெப்பநிலையைப் படிக்கும் கோப்பில் அது இருந்தது. பூஜ்யத்துக்குக் கீழே போய்விட்டதா என்று கேட்கும் வரி. 'இந்த ஒப்பீடு எப்போதும் பொய்' என்றது கம்பைலர்.

எண் வகையைத் தேடிப் போய்ப் பார்த்தேன். வெப்பநிலையை வைத்திருந்த அந்தச் சின்ன எண் வகைக்கு எங்கள் கணினியில் மைனஸ் உண்டு. பெட்டியின் கணினியில் அதே வகைக்கு மைனஸ் கிடையாது.

"குளிரை எதுல டெஸ்ட் பண்ணீங்க?"

"நம்ம கம்ப்யூட்டர்லதான்."

"பெட்டியில?"

"சூடு மட்டும்தான் பாத்தோம்" என்றார். குரல் இறங்கியிருந்தது.

ஆஃபீஸ் ஃபிரிட்ஜின் ஐஸ் தட்டுக்குள் வெப்பமானியின் வயரை விட்டேன். பெட்டியில் இருக்கும் அதே ரகக் குட்டிக் கணினி ஒன்றை ஃபிரிட்ஜ் மேலே வைத்து, அது படிக்கும் எண் என் திரைக்கு வரும்படி செய்தேன். இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். மூன்று. இரண்டு. ஒன்று. பூஜ்யம். அடுத்து மைனஸ் ஒன்று வரவேண்டிய இடத்தில் இருநூற்று ஐம்பத்தைந்து, அந்த எண் வகையின் உச்சம்.

'சூடு' விளக்கு எரிந்தது. மோட்டாரை ஓட்டும் சுவிட்ச் டக்கென்று போட்டுக்கொண்டது. உள்ளே உறைகிறது, இது வேகிறது என்று நினைத்து இன்னும் குளிரைக் கொட்டச் சொல்கிறது.

இவர் அப்படியே ஃபிரிட்ஜில் சாய்ந்துகொண்டார். "அக்கா உள்ளதைத்தான் சொல்லியிருக்கா. நான் அவளைப் பொய் சொல்றாள்னு நெனச்சேன்."

நான் அந்த எண் வகைக்கு முன்னால் ஒரே ஒரு சொல்லைச் சேர்த்து மறுபடி கம்பைல் செய்து ஏற்றினேன். மைனஸ் ஒன்று. மோட்டாரின் சுவிட்ச் அணைந்தது.

"இதை நாமளே போய் சொன்னா முதலாளி சும்மா விடமாட்டாரு" என்றேன். "நம்ம வேலைக்கே ஆபத்து."

"பரவால்ல" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அந்த வார்த்தை எனக்கு அன்றைக்குத்தான் பிடித்தது.

வயரை உருவி, குட்டிக் கணினியையும் ஐஸ்கட்டியையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். விசாரணை அறையில் மேசையைச் சுற்றி அதிகாரிகள். ஓரத்து நாற்காலியில் நாத்தனார் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவர் உட்காரக்கூட இல்லை.

"கதவு சாத்தித்தான் இருந்துது. தப்பு நாங்க செஞ்ச பெட்டியில. எங்க அக்கா சொன்னது எல்லாம் நிஜம்" என்று சொல்லி, ஆஃபீஸ் ஃபிரிட்ஜுக்குள் வயரை விட்டுப் பார்த்ததையும் விவரித்துவிட்டு, உப்புத் தூவிய ஐஸ்கட்டியை வெப்பமானியின் மேல் வைத்து, பழைய கர்னலை ஏற்றிக் காட்டினார். சிவப்பு விளக்கு எரிந்ததும் அதிகாரி ஒருவர் விசாரணைக் கோப்பை மூடி வைத்தார்.

வெளியே வந்ததும் நாத்தனார் தூணோரமாகத் திரும்பி நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் நன்றி எல்லாம் சொல்லவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஃபிரிட்ஜுக்குள்ள வயரை விட்டுப் பாத்தோம்னு சொன்னீங்களே, வரும்போது கதவைச் சாத்தினீங்களா?"

நானும் இவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

"பரவா..." என்று ஆரம்பித்தவர், அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.