ஆரன் கேட்டும் மூட்டாத அடுப்பு

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. போன மாசம், நாற்பத்தொன்பது தை கடைசியில், தருமபுரியில் ஒரு கூட்டம். கதர்ச் சட்டை போட்ட அதிகாரி மேடையேறி, "சர்க்கார் முசாபரி பங்களாக்களில் பயணிகள் தங்குவதில்லை. காரணம் சிப்பந்திகளின் சோம்பல்" என்றார். கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. அப்படி ஒரு பங்களாவில் பாதி ஆயுசு தண்ணீர் சேந்தினவன் நான். மூன்றாங்கிளாஸ் படிப்பு. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டாம், திருத்திக்கொள்ளுங்கள்.

(எந்தப் பங்களா என்று கேட்காதீர்கள். தொப்பூர்க் கணவாய்ப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேரைப் போட்டால் நாளைக்கே என் வாசலில் ஒரு சேவகன் நிற்பான். உங்களையும் நான் முழுசாக நம்பவில்லை.)

2

தொடக்கம் எழுதிப் பார்த்தேன். "பச்சைப் பசேலென்ற மலைகளின் நடுவே..." அடித்துவிட்டேன். வெயில் காலத்தில் அங்கே பாறைதான் இருக்கும்.

"தீர்த்தம்மாள் ஒரு உத்தமி..." இதையும் அடித்தேன். உத்தமி என்று யார் கண்டது? சமையல்காரி. புருஷன் செத்தபின் பங்களாவுக்குப் பின்னால் இருந்த ஓட்டறைதான் அவளுக்கு வீடு. வேலை போனால் அறையும் போகும். இந்தக் கதையே அந்த அறையைப் பற்றியதுதான்.

3

முப்பத்தஞ்சு, முப்பத்தாறில் பெரியண்ணன் என்று ஒருவர் பங்களா மேனேஜர். அப்போது ஒரு வழக்கம். கணவாயின் கீழ்த் திருப்பத்தில் எந்தக் காரும் ஆரன் அடித்துத்தான் திரும்பும். அது காதில் விழுந்ததும் தீர்த்தம்மாள் வெந்நீர் அடுப்பையும் சோற்று அடுப்பையும் மூட்டுவாள். நான் தவலைத் தண்ணீரோடு கேட்டில் நிற்பேன். ஏற்றத்தில் என்ஜின் கொதித்துத்தான் வரும். துரையோ செட்டியாரோ இறங்கினால் குளிக்க வெந்நீர், குளித்து வந்தால் சோறு. இதற்காகவே நின்றார்கள்.

சில கார் நிற்காது. சோறு மிஞ்சும். தீர்த்தம்மாள் பெரியண்ணனிடம் போய்ச் சொல்வாள்:

"வீணாப் போச்சுங்களே."

"போனாப் போவுது. எவனாச்சும் கேட்டா, நாந்தான் மூட்டச் சொன்னேன்னு சொல்லு. துன்னுட்டுப் படுங்க போங்க."

பெரியண்ணன் நல்லவர் என்று நான் சொல்லவில்லை. எங்கள் அப்பன் பாட்டன் வரைக்கும் இழுத்துத் திட்டுவார். ஆனால் பழியைத் தன் தலையில் வாங்கிக்கொள்வார். தலைமை, தலைமை என்று மேடையில் பேசுகிறார்களே, எனக்குத் தெரிந்து அது இவ்வளவுதான்.

4

யுத்தம் வந்தது. அவருக்கு மாற்றல். அடுத்து வந்த ராஜாமணி ஒரு ராட்சச...

இல்லை. பயந்த ஆள். மேலே இருப்பவரை நினைத்தே நடுங்குவார். அந்த நடுக்கத்தை எங்கள் மேல் இறக்கிவைப்பார். முதல் நாளே உத்தரவு:

"ஆள் உள்ள வந்து உக்காந்தப்புறந்தான் அடுப்பு. முன்னால மூட்டினா அது திருட்டு."

"திருட்டுங்களா?" என்றாள் தீர்த்தம்மாள்.

"கார் நிக்காதுன்னு தெரிஞ்சே மூட்டறீங்க. நீங்க துன்னறதுக்கு."

இங்கே என் பேனா நிற்கிறது. அபாண்டம் என்று எழுதிவிடலாம். ஆனால் அரிசி கிடைக்காத அந்த நாளில், கார் நிற்காமல் போனால் எங்களுக்குச் சந்தோஷம்தான். பசித்தவர்கள் தின்றோம். அதை மறைத்து அவளுக்கு வெள்ளையடிக்க மாட்டேன்.

அடுப்பு பிந்தியது. வந்தவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சேலத்துக்குக் கிளம்பினார்கள். பிறகு நிற்பதையே விட்டார்கள். சமையல்காரி சோம்பேறி, நீக்க வேண்டும் என்று ராஜாமணி மேலே சொல்லி அனுப்பினார். விசாரிக்கப் பெரிய அதிகாரி வருவதாகச் சேதி வந்தது.

5

அன்று கீழ்த் திருப்பத்தில் ஆரன் கேட்டது. அதிகாரியின் கார்தான். ராஜாமணி சமையல்கட்டுக்கு ஓடி வந்தார்.

"மூட்டு தீர்த்தம்மா. சீக்கிரம்."

அவள் அடுப்புக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"ஆளு இன்னும் வந்து உக்காரலீங்களே."

"வெளையாடறயா?"

"திருட்டுன்னு சொன்னீங்க. அந்தப் பாவம் எனக்கு எதுக்குங்க."

"நான் சொல்றேன், மூட்டு."

"சரிங்க. அவரு கேட்டா, நாந்தான் மூட்டச் சொன்னேன்னு நீங்க சொல்லுவீங்களா?"

ராஜாமணி என் பக்கம் திரும்பினார். தீப்பெட்டியை எடுத்து என் கையில் திணித்தார். "நீ மூட்டு."

அதை அவர் காலடியில் வைத்தேன். குனிந்து எடுத்து அவரே மூட்டியிருக்கலாம். மூட்டவில்லை.

6

முடிவு. அதிகாரி நியாயத்தைக் கண்டுபிடித்து ராஜாமணியைத் தூக்கிவிட்டார் என்று ஒன்று எழுதினேன். படித்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. அவளைத் துரத்தினார்கள், மூட்டையோடு கணவாயில் இறங்கிப் போனாள் என்று இன்னொன்று. நீங்கள் "ஐயோ பாவம்" என்றுவிட்டு இலை போடச் சொல்வீர்கள். அதையும் கிழித்தேன். நடந்தது எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன்.

அதிகாரி நீங்கள்தான். காரை விட்டு இறங்கி, புழுதியோடு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டீர்கள். வெந்நீர் இல்லை, சோறு இல்லை. ராஜாமணி உங்கள் பக்கத்தில் கைகட்டி நின்று, "பாத்தீங்களா, நான் சொன்னேனே" என்கிறார். பின்கட்டில் அவள் இப்போதுதான் தீக்குச்சியைக் கிழிக்கிறாள். ஆள்தான் வந்து உட்கார்ந்தாயிற்றே.

முதலில் யாரைக் கூப்பிடப் போகிறீர்கள்?