இறந்தவரின் கோப்பைத் திறப்பது யார்?

1

இந்தக் கதை என்னுடையதல்ல, தங்கையிடமிருந்து பிடுங்கியது. அவள் பெரிய அலுவலகம் ஒன்றில் கணினிக் கோப்புச் சேமிப்பகத்தைப் பார்த்துக்கொள்கிறாள். எவ்வளவு கொட்டினாலும் இடம் கொடுக்கும் சேமிப்பகம். எந்தக் கோப்பை யார் எத்தனை முறை திறந்தார்கள் என்பதையும் அதுவே கணக்கெடுத்துக் காட்டும். அடிக்கடி திறந்தால் சிவப்பு. வெகுநாள் யாரும் தொடாவிட்டால் சாம்பல், அப்புறம் அழிப்பு.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "தகவல் என்னும் பெருங்கடலில் ஒரு சிறு…" (வேண்டாம். பாவம் கடல், எத்தனை கதையைத்தான் சுமக்கும்.)

2

ஒருநாள், இறந்துபோன பொறியாளர் ஒருவரின் கோப்பு திரையில் சிவந்திருந்தது. தினமும் திறந்தது கணக்குப் பிரிவுப் பெண். கணக்குப் பிரிவுக்கு இங்கே என்ன வேலை? இயந்திர வரைபடங்கள் திருடு போகின்றன என்று முடிவுகட்டிய தங்கை கோப்பைப் பூட்டி, மேலாளருக்கும் எழுதிவிட்டாள்.*

"ஆளே இல்ல, ஃபைல் எதுக்கு? வெள்ளிக்கிழமை சாயங்காலம் அழிச்சிடு" என்றார் அவர்.

* 'அவசரக்குடுக்கை' என்று எழுதி அடித்துவிட்டேன். அந்த வேலையில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

3

மறுநாள் அந்தப் பெண்ணே தங்கையின் மேசைக்கு வந்தாள்.

"அந்த ஃபைல்ல இருக்கிற வீடியோ திறக்க மாட்டேங்குதும்மா."

"அது உங்களுக்கு எதுக்குங்க?"

"என் வீட்டுக்காரர்மா. அதுல புதுசா சேர்ந்தவங்களுக்கு மெஷினைப் பத்திச் சொல்லிக்குடுப்பாரு. நடுவுல என் போன் வரும். 'கிளம்பிட்டேன், நீ சாப்பிடு'ம்பாரு. அவ்வளவுதான்."

(இங்கே மழை பெய்ய வைத்தேன். எடுத்துவிட்டேன். அவள் அழவுமில்லை.)

அவளுக்கு ஒரு நகல் கேட்டுத் தங்கை மேலாளரிடம் ஓடினாள். "ஒருத்தருக்குக் குடுத்தா நாளைக்கு வரிசையில நிப்பாங்க" என்று கையை விரித்துவிட்டார்.

4

முடிவு: தங்கை திருட்டுத்தனமாக நகல் எடுத்துக் கொடுக்கிறாள். ஆனால் எடுத்த மறுநிமிடமே அவள் பெயரையும் அதே சேமிப்பகம் காட்டிக்கொடுக்கும். வேலை போகும். எங்கள் வீடு அவளை நம்பித்தான் இருக்கிறது. (என் எழுத்தை நம்பி யாரும் இல்லை.)

வேறு முடிவு: மேலாளர் மனம் இளகி… (எனக்கே நம்பிக்கை வரவில்லை.)

5

இன்று வெள்ளிக்கிழமை. சற்றுமுன் தங்கை போன் செய்தாள்.

"அண்ணா, கடைசியா ஒரு தடவை கேட்டுக்கோங்கன்னு அவங்களைக் கூப்பிட்டேன். வர மாட்டேன்னுட்டாங்க."

"ஏனாம்?"

"'கடைசின்னு தெரிஞ்சே அவர் பேச்சை ஒரு தடவை கேட்டாச்சும்மா, ஆஸ்பத்திரியில. இன்னொரு தடவை என்னால முடியாது'ன்னாங்க."

எழுதிவைத்த முடிவுகளைப் புரட்டினேன். தங்கையே தொடர்ந்தாள்:

"நீதான் கதையெல்லாம் எழுதுறியே. நான் என்ன பண்ணட்டும், சொல்லு."

சொல்லத் தெரியாமல்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அவள் இன்னும் லைனில் இருக்கிறாள். சாயங்காலம் ஆக இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. நீங்கள் சொல்லுங்கள், அப்படியே அவளிடம் சொல்லிவிடுகிறேன்.