செசிலி அன்ரியின் பின்னறை

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. மெல்பேர்ணில் இருக்கும் என் தங்கை றபீக்கா அனுப்பிய பதினொரு நிமிடக் குரல்பதிவில் அது தானாக வந்து சேர்ந்தது. அப்போது நான் மருதமுனையில், என் வீட்டுக் குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். கையெல்லாம் செதில். போனை மூக்கால் தட்டித் திறந்தேன். (எழுதுகிறவர்கள் ஜன்னலோரம் உட்கார்ந்துதான் கதை பிடிப்பார்கள் என்று நினைத்திருந்தவர்கள் மன்னிக்கவும்.)

"ராத்தா, ஹிமாயாட ஸ்கூல் விசயம் பிழைச்சுப் பெய்த்து" என்று தொடங்கினாள்.

ஹிமாயா அவளுடைய மகள். பதினொரு வயது. அடுத்த வருடம் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். இங்கே இருந்தபோது கேள்வி கேட்டே என் உயிரை எடுத்தவள். "பெரியம்மா, மீனுக்குத் தாகம் எடுக்குமா?" மெல்பேர்ணுக்குப் போன எட்டு மாதத்தில் பிள்ளை பேச்சைச் சுருக்கிக்கொண்டுவிட்டது. வகுப்பில் தலையாட்டலோடு சரி. வீட்டிலும் அப்படித்தான்.

ஒரு பள்ளிக்கூடத்தைச் சுற்றிப் பார்க்கக் கூட்டிப் போயிருக்கிறார்கள். அங்கே விஞ்ஞான ஆசிரியை ஒருவர் கண்ணாடித் தொட்டியில், தொட்டால் பந்து மாதிரி ஊதிக்கொள்ளும் பேத்தை மீன் வளர்க்கிறாராம். எங்கள் கடற்கரையில் கரைவலைக்காரர்கள் கரையிலேயே வீசிவிட்டுப் போகும் அதே பேத்தை. ஹிமாயா அந்த ஆசிரியையிடம் மூன்று கேள்வி கேட்டாளாம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வாய் மூடவில்லையாம்.

"அந்த ஸ்கூல்தான் ராத்தா. வேற எங்கயும் போட்டா இந்தப் புள்ள ஊமையாப் பெய்த்திரும்."

அந்தப் பள்ளிக்குப் பக்கத்திலேயே வாடகைக்கு வீடும் எடுத்துவிட்டார்கள். எடுத்த பிறகுதான் தெரிந்தது, வீடு பள்ளியின் எல்லைக்கு வெளியே இருக்கிறது. எல்லைக்கோடு அவர்கள் தெருவின் நடுவால் போகிறது. எதிர்வீடு உள்ளே, இவர்கள் வீடு வெளியே. விண்ணப்பம் கொடுக்க இன்னும் ஒன்பது நாள். அந்தப் பக்கம் வேறு வீடு கிடைக்கவில்லை.

2

கதையை எப்படித் தொடங்குவது என்று மூன்று நாள் மல்லுக்கட்டினேன்.

முதல் தொடக்கம்: "மெல்பேர்ண் நகரின் கிழக்கே, நிழல் தரும் மரங்கள் வரிசையாக நின்ற ஒரு தெருவில்—"

விட்டுவிட்டேன். என்ன மரம் என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்த மெல்பேர்ண் றபீக்காவின் தலைக்குப் பின்னால் தெரியும் ஒரு பிரிட்ஜும் அரை ஜன்னலும்தான்.

இரண்டாம் தொடக்கம்: "நளீம் பட்டியல் போடுவதில் வெறி கொண்ட ஒரு—"

இதையும் விட்டேன். நளீம் றபீக்காவின் புருஷன், என் மச்சான். இதைக் கட்டாயம் வாசிப்பார். ஆனாலும் அவருடைய பிழையைச் சொல்லாமல் கதை நகராது. மச்சான், கோபிக்க வேண்டாம், சொல்லத்தான் போகிறேன்.

எங்கள் ஊர்ப் பக்கம் ஆண்பிள்ளை வீடு தேடுவதில்லை. பெண் வீட்டார் வீடு கட்டிக் கொடுப்பார்கள். மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து குடியேறுவார். நளீம் நிந்தவூரிலிருந்து அப்படித்தான் எங்கள் வளவுக்கு வந்தார். முப்பத்தொன்பது வயது வரைக்கும் அந்த மனிதர் ஒரு வீட்டைத் தெரிந்தெடுத்ததே கிடையாது. முதல்முதலாகத் தெரிந்தெடுக்கச் சொன்னதும் சோதனை எழுதுகிற பிள்ளை மாதிரி இறங்கிவிட்டார். நாற்பது ஊர்ப்பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் பள்ளிக்கூடம், ஒவ்வொரு பள்ளிக்கும் புள்ளி. கடைசியில் பள்ளி வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை நடந்து, காலடியை எண்ணிப் பார்த்தார். முன்னூற்றுச் சொச்சம். "இதவிடக் கிட்ட ஒருத்தரும் இரிக்க ஏலா" என்று கையெழுத்துப் போட்டார்.

இங்கே முதலாம் வகுப்புக்குப் பிள்ளையைச் சேர்க்க அப்படித்தான் பார்ப்பார்கள். யார் வீடு வாசலுக்குக் கிட்ட என்பதுதான் பேச்சு. அங்கே வரைபடத்தில் கோடு போட்டிருக்கிறார்கள் என்பதை யோசிக்கவே இல்லை. முன்னூற்றுச் சொச்சம் காலடியையும் எண்ணியவர் கோட்டைப் பார்க்கவில்லை.

3

அடுத்து அவர் செய்ததும் ஊர்ப் பழக்கம்தான். விலாசம் கேட்டார்.

விலாசம் கேட்பது என்றால் என்னவென்று வெளியூர் வாசகருக்குச் சொல்ல வேண்டும். நல்ல பள்ளிக்குக் கிட்ட இருக்கும் சொந்தக்காரர், தெரிந்தவர் வீட்டில் நாம் இருப்பதாகப் பதிந்துகொள்வது. வாக்காளர் இடாப்பில் பெயர் ஏறும், கிராம சேவகர் கடிதம் தருவார். எங்கள் பக்கம் இதைக் கேட்பது ஏணி இரவல் கேட்பது மாதிரி. யாரும் பெரிதாக எடுப்பதில்லை.*

(* நானும் பெரிதாக எடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். காரணம் நாலாம் பகுதியில்.)

எல்லைக்கு உள்ளே எங்கள் பக்கத்துக்காரர் ஒருவர் இருந்தார். டெஸ்மன்ட். கல்முனைக் கத்தோலிக்கர். அங்கே பஸ் ஓட்டுகிறார். மனைவி சுஜீதா. நளீம் அவரிடம் போன் பண்ணி, "அண்ணன், ஒங்கட விலாசத்த மட்டும் தாங்களன்" என்றிருக்கிறார்.

டெஸ்மன்ட் "ஏலா தம்பி" என்றாராம். அதற்குப் பிறகு இரண்டு நாள் போனே எடுக்கவில்லையாம்.

குரல்பதிவின் கடைசி நிமிடம் இது: "இவரு கோவத்துல இரிக்காரு ராத்தா. நீங்க டெஸ்மன்ட் அண்ணனோட ஒருக்காக் கதைச்சுப் பாருங்க. ஒங்களத் தெரியும்தானே அவருக்கு. அவங்கட உம்மா ஒங்களுக்குச் செஞ்சது மாதிரித்தானே நாங்களும் கேக்கம்."

4

ஓம். அவருடைய தாய் செசிலி அன்ரி எனக்குச் செய்ததைச் சொல்கிறேன்.

எங்கள் வாப்பா பக்கீர் முகைதீன் துணி வியாபாரம். கல்முனையில் தையல் வேலை செய்த செசிலி அன்ரிக்கு அவர்தான் துணி கொண்டுபோய்க் கொடுப்பார். எனக்கு ஆறு வயதாக இருந்தபோது கல்முனையில் ஒரு பெரிய பள்ளியில் என்னைச் சேர்க்க வாப்பாவுக்கு ஆசை வந்தது. ஆறு பிள்ளை பெற்ற மனிதருக்கு ஏன் என்மேல் அந்த ஆசை வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. செசிலி அன்ரியிடம் விலாசம் கேட்டார். அவருடைய வீட்டுப் பின்னறையில் நாங்கள் வாடகைக்கு இருப்பதாகக் கடதாசி எழுதினார்கள். அது தொண்ணூற்று நாலாம் வருடம். தமிழ்த் தெருவுக்கும் எங்கள் முஸ்லிம் தெருவுக்கும் இடையில் மனிதர்கள் இலேசாக நடந்து போய் வந்த காலம் இல்லை. அன்ரி ஒரு கேள்வியும் கேட்காமல் எழுதிக் கொடுத்தார்.

பிறகு ஒருநாள் பின்னேரம், உண்மையிலேயே அங்கே இருக்கிறோமா என்று பார்க்க ஆட்கள் வந்துவிட்டார்கள். நான் மருதமுனையில் விளையாடிக்கொண்டிருக்கிறேன். அன்ரி பின்னறைக் கட்டிலில் கிடந்த, தைத்து முடித்த பள்ளிச் சட்டைக் குவியலைப் போர்வையால் மூடினார். அதே பள்ளியில் படித்த ஒன்பது வயது மகன் டெஸ்மன்ட் கதவில் நின்று, "தங்கச்சி உள்ள படுக்கிறா. காய்ச்சல்" என்றான். வந்தவர்கள் போய்விட்டார்கள். நான் பள்ளியில் சேர்ந்தேன்.

கல்யாண வீடுகளில் சொல்லி ஆட்களைச் சிரிக்க வைக்கிற கதை இது. என் முதல் கதைத் தொகுப்பு வெளியீட்டிலும் சொன்னேன், எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பள்ளிக்கூடமும் அதன் நூலகமும் இல்லாவிட்டால் நான் ஒரு வரி எழுதியிருக்க மாட்டேன் என்பதை மட்டும் அன்று சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

5

மீன் குழம்பை இறக்கிவிட்டு டெஸ்மன்ட் அண்ணனுக்கு எடுத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"அண்ணன், மச்சான் கேட்டதப் பிழையா எடுக்கப்படா. விலாசம் மட்டுந்தானே."

"பிழையா எடுக்கல்ல தங்கச்சி. ஆக்கள் வந்து பார்த்த நாள் உங்களுக்கு ஞாபகமா?"

"ஞாபகமில்லாமலா? போர்வைக்குள்ள சட்டைக் குவியல்!" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை.

"படுக்கிறா எண்டு சொல்லுறதுக்குத்தான் அம்மா சொல்லித் தந்தவ. காய்ச்சல் எண்டது நான். அந்த மனிசன் கட்டிலையே பார்த்துக்கொண்டு நிண்டாரு. பயத்தில வாயில வந்திற்று. அதுக்குப் பிறகு உங்களுக்கு உண்மையாக் காய்ச்சல் வந்து செத்துப்போயிருவீங்க எண்டு நினைச்சன். நான் சொன்னதால. ஒவ்வொரு நாளும் இடைவேளைக்கு உங்கட வகுப்பு வாசலுக்கு வந்து பார்ப்பன், இரிக்கிறீங்களா எண்டு."

எனக்கு அந்தப் பையனை ஞாபகம் இருக்கிறது. கையில் பாதி கடித்த பணிசோடு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பான். என்னைக் கண்டதும் ஓடிவிடுவான்.*

(* என்மேல் ஒரு இதுவாக்கும் என்று முப்பது வருடமாக நினைத்திருந்தேன். என் புருஷனிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன். இந்த அடிக்குறிப்பை அவர் வாசிக்காமல் இருக்க வேண்டும்.)

"ஹிமாயாவுக்குப் பதினொரு வயசு" என்றார். "எங்க இரிக்கிறாய் எண்டு ஆரும் கேட்டா அந்தப் புள்ளதானே பதில் சொல்லணும். கதைக்காத புள்ள வாயத் திறந்து முதல் சொல்றது பொய்யா இரிக்கணுமா?"

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"விலாசம் தர ஏலா தங்கச்சி. வீட்டத் தாறன். பின்வளவில சின்ன வீடொண்டு கிடக்கு, சாமான் போட்டு வைச்சிருந்த. ரெண்டு நாளா நானும் சுஜீதாவும் அதத்தான் துப்பரவாக்கினம். முடியாம வாக்குக் குடுக்கப்படா எண்டுதான் போன் எடுக்கல்ல. இப்ப அவங்க இரிக்கிற வீட்டுக்கு வேற ஆள் பார்த்துக் குடுக்கலாம், எனக்குத் தெரிஞ்ச பொடியன் வினோஜ் தேடிக்கொண்டு திரியிறான். வந்து இரிக்கச் சொல்லுங்க. உண்மையா இரிக்கச் சொல்லுங்க."

போனை வைத்துவிட்டு அழுதேன். இதை வேறு மாதிரி எழுதிப் பார்த்தேன், "கண்கள் பனித்தன" என்று. பனிக்கவில்லை. அழுதேன்.

6

இங்கேதான் எனக்குச் சிக்கல். இப்படி ஒரு மனிதரை எந்த வாசகர் நம்புவார்? கதைக்குள் வருகிறவருக்கு ஒரு குறையாவது வேண்டும். றபீக்காவிடம் கேட்டேன். நெடுநேரம் யோசித்தாள்.

"விடியக்குள்ள மாதா கோயில் பாட்டுப் படிக்காரு ராத்தா. குரல் சரியில்ல."

அவ்வளவுதான் கிடைத்தது. பதிந்துவிட்டேன்.

இன்னொரு சிக்கல், செசிலி அன்ரி பொய் சொன்னதை அச்சில் போடலாமா என்பது. பஸ் ஏறி கல்முனைக்குப் போய் நேரில் கேட்டேன். எழுபதைத் தாண்டியும் மெசினில் உட்கார்ந்திருக்கிறார்.

"எழுது புள்ள. நான் அப்பவே பாவசங்கீர்த்தனம் செஞ்சிற்றன். அந்தப் புள்ள படிக்கிறாளா எண்டு பாதர் கேட்டாரு. ஓம் எண்டன். சரி போ எண்டாரு."

மகன் வகுப்பு வாசலில் வந்து நின்றதைச் சொன்னேன். அது அவருக்குத் தெரியாது. மெசினை நிறுத்திவிட்டார்.

"என்னட்டச் சொல்லல்லியே" என்றார். "ஒன்பது வயசுப் புள்ள."

பிறகு, பின்னறையைப் பார்க்கலாமா என்று கேட்டேன். ஐந்து வருடம் நான் அந்த அறையில் வாழ்ந்ததாக அரசாங்கப் பதிவில் இருக்கிறது. ஒருநாளும் உள்ளே கால் வைத்ததில்லை. ஒரு கட்டில், வெட்டிய துணி, சுவரில் மாதா படம். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, "அன்ரி, நன்றி" என்றேன். முப்பத்திரண்டு வருடம் பிந்திவிட்டது.

"என்னத்துக்கு?"

"எல்லாத்துக்கும்."

"தேத்தண்ணி குடிக்காம இந்தக் கதையெல்லாம் கதைக்கப்படா" என்று எழும்பிப் போனார்.

7

இனி முடிவு. மூன்று எழுதினேன்.

(அ) டெஸ்மன்ட் விலாசம் கொடுக்கிறார். ஹிமாயா பள்ளியில் சேர்கிறாள். யார் எங்கே இருக்கிறாய் என்று கேட்டாலும் தலையைக் குனிந்து— இதை முடிக்கவில்லை. எனக்கே பிடிக்கவில்லை.

(ஆ) அவர் மறுக்கிறார். வேறு பள்ளி. பத்து வருடம் கழித்து— இல்லை. பத்து வருடம் கழித்து என்பது சோம்பேறிகளின் வேலை.

(இ) பின்வளவு வீட்டுக்குக் குடி போகிறார்கள். றபீக்கா ஊர்ப் பழக்கத்தில் ஒரு பெரிய கோப்போடு பள்ளி அலுவலகத்துக்குப் போகிறாள். கலியாணப் பதிவு, ஊசி போட்ட அட்டை, லைட் பில், கிராம சேவகர் கடிதம், எல்லாம் மொழிபெயர்த்துச் சீல் குத்தியவை. அங்கே இருந்த பெண் வீட்டு ஒப்பந்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைத் திருப்பித் தந்துவிட்டார். "அவ்வளவுதானா ராத்தா? ஒருத்தரும் வந்து பார்க்க மாட்டாங்களா?" என்று எனக்கு ஏமாற்றத்தோடு பதிவு அனுப்பினாள். இடம் கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ்.

(இ) இதுவரைக்கும் உண்மையாக நடந்தது. இனி வருவதைப் பற்றி நான் சத்தியம் பண்ண மாட்டேன்.

குடி போன மூன்றாம் நாள் டெஸ்மன்ட் அண்ணன் வேலை முடிந்து வந்து பின்வளவுக் கதவைத் தட்டுகிறார். கையில் ஒரு பை அப்பிள்.

"புள்ள எங்க, காணல்ல?"

றபீக்காவுக்கு அந்தப் பழைய கதையில் காய்ச்சல் யார் சொன்னது என்றெல்லாம் தெரியாது. நான் சொல்லவில்லை. அவள் பாட்டுக்குச் சொல்கிறாள்:

"உள்ள படுக்கிறா அண்ணன். காய்ச்சல்."

அவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை. அப்போது உள்ளேயிருந்து, போர்வைக்குள்ளிருந்து, ஒரு சத்தம்:

"டெஸ்மன்ட் அங்கிள்! காய்ச்சல் வந்தா உடம்பு சுடுதுதானே, அப்ப ஏன் குளிருது?"

இது நடந்ததா, நான் சேர்த்துக்கொண்டதா என்று கேட்காதீர்கள். றபீக்காவிடமும் கேட்காதீர்கள், அவள் என் பக்கம்தான் பேசுவாள். நீங்கள்தான் இப்போது விசாரிக்க வந்திருக்கிறீர்கள். அறைக்கு வந்துவிட்டீர்கள், கட்டில் முன்னால் இருக்கிறது. விருப்பமென்றால் போர்வையைத் தூக்கிப் பாருங்கள்.