அறுபத்துநான்கு மடங்கு இரைச்சல்

'அத்தானுக்கு என் பயம் தெரிந்துவிடுமோ? முகத்தில் எழுதி ஒட்டியிருக்குமே.'

அவளுடைய அக்காவின் கணவர்தான் அந்தச் சோதனைக்கூட மேலாளர். அங்கே அவளுக்கு வேலை கொடுத்தவரும் அவரே. மேசையில் இருந்தது, மூடுபனியில் விமானங்களைக் காட்டும் ரேடாருக்கான அதிர்வெண் பெருக்கி. அலையின் அதிர்வெண்ணை அது எட்டு மடங்காக்கும். கூடவே இரைச்சலை, அதாவது அலையில் கலந்திருக்கும் தேவையற்ற நடுக்கத்தை, அறுபத்துநான்கு மடங்காக்கிவிடும்.

"பெருக்கிக்கு முன்னாடி எடுத்த இரைச்சல் அளவையே அறிக்கையில போட்டுடு. அது சுத்தமா இருக்கு," என்றார்.

"விமானம் தெரியாதே, அத்தான். இரைச்சல்ல முங்கிடும்."

"கொழுந்தியாளுக்கு வேலை கொடுத்தா, எனக்கே குழி பறிக்கிறியா? நாளைக்கே வேற ஆளைப் போட்டுடுவேன்."

வேலை போய்விடும், அக்காவும் பேசமாட்டாள். ஆனால் திரையில் காணாமல்போகும் அந்தச் சிறு புள்ளிக்குள் எத்தனை பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

"பெருக்கிக்குப் பின்னாடி எடுத்த அளவைத்தான் எழுதுவேன், அத்தான்," என்றாள், அறிக்கையைத் தன் பக்கம் இழுத்தபடி.