கண்ணாடிகளுக்கு நடுவே ஓடை மீன்

ஒரே ஓடை, ஒரே நாள், ஒரே வலை. பிடிபட்டவை நான்கு மீன்கள். அக்காளைக் கட்டிய குழாய் வேலைக்காரரும் தங்கையைக் கட்டிய சலூன்காரரும் ஆளுக்கு இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். பிரிக்கும்போதே சலூன்காரரின் கண் சகலையின் வாளியில்தான் இருந்தது. பெருசு ரெண்டும் அங்கே போய்விட்டதோ?

முதல் வாரமே சலூன்காரரின் மீன்களில் ஒன்று தொட்டியிலிருந்து துள்ளி விழுந்து, அலமாரிக்கு அடியில் காய்ந்து கிடந்தது. ஓடை மீன் துள்ளும், தொட்டிக்கு மூடி போட வேண்டும் என்பது சகலைக்கு மட்டும் எப்படியோ தெரிந்திருந்தது. மிஞ்சிய ஒன்று கல்லோடு கல்லாக, சேற்று நிறத்தில் ஒண்டிக் கிடந்தது. சகலை வீட்டு ஜோடியோ செதில் சிவந்து, வால் ஓரம் நீலமிட்டு, இலைக்கு இலை ஒன்றையொன்று துரத்தியது.

போய்ப் பார்த்துவிட்டு வந்த மனைவி சும்மா இருக்கக் கூடாதா?

"அக்கா வீட்டுத் தொட்டியில ரெண்டும் நெருப்புத் துண்டு மாதிரி இருக்குங்க. நம்மளது ஊறப்போட்ட கரித்துணி மாதிரி கெடக்கு."

சலூன்காரர் அன்று சாப்பாட்டில் உப்பில்லாததைக்கூடக் கவனிக்கவில்லை. மறுநாள் காலையிலேயே தொட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார். எதிரெதிர் சுவர்களில் ஆளுயரக் கண்ணாடிகள். நடுவே சீப்பும் பவுடரும் இருந்த மேசையில் தொட்டியை வைத்தார்.

முதல் ஷேவிங் முடிவதற்குள் மீன் சிவந்துவிட்டது. துடுப்பை விசிறியாக விரித்து இந்தப் பக்கக் கண்ணாடிக்கு ஒரு பாய்ச்சல், அந்தப் பக்கத்துக்கு ஒரு பாய்ச்சல். முடி வெட்ட வந்தவர்கள் தங்கள் தலையைப் பார்க்க மறந்தார்கள். கடையோட ராசி என்றார் ஒருவர். சலூன்காரருக்குத் தலைகால் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டார் அத்தனை பேரையும் கடைக்கு வரச் சொல்லும்படி மனைவியிடம் சொல்லிவிட்டார்.

புதன்கிழமை போட்ட கொசுப்புழுக்கள் வியாழக்கிழமையும் நீந்திக்கொண்டிருந்தன. வெள்ளியன்று மீனின் மூக்கு உரிந்து வெள்ளையாகத் தெரிந்தது, வயிறு ஒட்டியிருந்தது. அவர் பார்த்தார். பார்த்துவிட்டு, ஞாயிறு வரைக்கும் தாங்கிவிடும் என்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

சனிக்கிழமை சகலை முடி வெட்டிக்கொள்ள வந்தார். கழுத்தில் துணியைக் கட்டி உட்கார வைத்த பிறகும் அவர் கண் தொட்டியிலேயே இருந்தது. ஒரு வாய்ப் பாராட்டுக்காகச் சலூன்காரர் கத்தரியைச் சும்மாவே கிளிக் கிளிக்கென்று சொடுக்கிக்கொண்டிருந்தார்.

"சாப்பிடுதா, சகல?" என்று கேட்டார் சகலை.

"அதுக்கு எங்க நேரம்? ஆட்டம் போடவே பொழுது சரியா இருக்கு."

"ஆட்டம் இல்ல. கண்ணாடியில தெரியுறத வேற ஆம்பளன்னு நெனச்சு அஞ்சு நாளா சண்டை போட்டுக்கிட்டிருக்கு. எதிரி இத்தன பேரு இருக்கிறப்ப சோறு எங்க எறங்கும்?"

கத்தரி நின்றது. உப்பில்லாத அந்தச் சாப்பாடு ஏனோ சலூன்காரரின் நினைவுக்கு வந்தது.

பாதி வெட்டிய தலையோடு சகலையை உட்கார வைத்துவிட்டு, அவர் கழுத்துத் துணியை அவிழ்த்து, முடியை உதறி, தொட்டியைச் சுற்றிப் போர்த்தினார். பின்கழுத்தை மழித்து முடிப்பதற்குள் தொட்டிக்குள் மீனின் சிவப்பு மங்கியிருந்தது. மேலே மிதந்த ஒரு புழுவை மீன் சட்டென்று கவ்வியது.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்தார்கள். துணியை விலக்கி எட்டிப் பார்த்தார்கள். கரித்துணிதான். இதுக்கா வெயிலில் வரச் சொன்னீங்க என்றார் மைத்துனர். மனைவி தரையைப் பார்த்தாள்.

"நேத்து நான் பாத்தேனே," என்றார் சகலை. "அப்படி ஒரு செவப்பு எங்க வீட்டுல கெடையாது. இப்ப வயிறு நெறஞ்சு தூங்குது."

மைத்துனர் சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். சகலை பரிந்து பேசியதைத்தான் சலூன்காரரால் தாங்க முடியவில்லை. மற்றவர்கள் வெளியே போகும்வரை காத்திருந்து, துணியைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டு கேட்டார்:

"ஒங்க வீட்டுல குஞ்சு பொரிச்சிருக்காமே?"

"ஆமா. அறுபது இருக்கும். பெருசானதும் ஒரு ஜோடி தரேன்."

"எண்ணிப் பாத்தீங்களா?"

"தோராயமாத்தான்."

அறுபது இருக்காது, நாற்பதுதான் இருக்கும் என்று சலூன்காரர் மனதுக்குள் கணக்குப் போட்டார். பிறகு தொட்டியைத் தூக்கி, கண்ணாடியே இல்லாத பின்கட்டுக்குக் கொண்டுபோய், மேலே ஒரு பலகையை வைத்து மூடினார்.