புழுதி தூவிய பாத்தி

கொத்தமல்லிப் பாத்தியில் ஈரம் தெரியாதபடி புழுதி தூவு என்று மேஸ்திரி சொன்னபோதே அவளுக்கு ஆத்திரம் வந்தது. விடியும் முன்னே குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றச் சொன்னதும் இதே வாய்தான். ஊற்றியது இவள் கை. இப்போது காய்ந்த மண்ணைச் சலித்து அதன் மேல் தூவ வேண்டுமாம், முகத்துக்குப் பவுடர் அடிக்கிற மாதிரி.

"எதுக்கு மேஸ்திரி இந்த அலங்காரம்?"

"தண்ணியே இல்லாம வளர்ற மல்லின்னு காட்டணும். பாக்க வர்றவங்க முன்னாடி வாயைத் திறந்துடாதே."

திறந்திருக்கவும் மாட்டாள். கூலிக்காரிக்கு வாய் எதற்கு? ஆனால் விதைக் கம்பெனி வண்டியின் பின்னால் வந்த விவசாயிகளோடு அவள் தம்பியும் வந்து நின்றான், கையில் விதைப் பொட்டலத்தோடு. அவனுக்கு இருப்பது கிணறில்லாத ஒரு துண்டு நிலம். போன வருஷம் போட்ட மிளகாய் கருகிப்போனது. இந்த வருஷமும் போனால் நிலத்தை விட்டுவிட்டு எங்காவது பிழைக்கப் போக வேண்டியதுதான்.

"விதைச்சதுலேர்ந்து ஒரு சொட்டுத் தண்ணி காட்டலை," என்றார் கம்பெனிக்காரர், கூசாமல்.

தம்பி தழையைக் கிள்ளி முகர்ந்தான். அவன் முகம் மலர்ந்ததை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. குனிந்தாள். புழுதியை ஒதுக்கி, அடியிலிருந்த சேற்றை அள்ளி அவன் உள்ளங்கையில் அப்பினாள்.

"பிழிஞ்சு பாருடா."

விரலிடுக்கில் தண்ணீர் கசிந்தது.

"ராத்திரி தூறல் விழுந்திருக்கும்," என்றார் கம்பெனிக்காரர்.

"ஏங்க, மழை அளவெடுத்து இந்தப் பாத்திக்கு மட்டும் பேஞ்சுதா?"

கூட்டம் சிரித்தது. மேஸ்திரி பல்லைக் கடித்தார். "நாளைக்கு இந்தப் பக்கம் வந்துடாதே."

"வரலை. காய்ஞ்ச நிலத்துக்கு விதை வேணும்னு நாங்க கேக்குறது என்ன விளையாட்டுக்கா? குட்டையா வளர்ந்தா குட்டைன்னு சொல்லுங்க. பாதி செத்தா பாதின்னு சொல்லுங்க. அதை வச்சு நாங்க முடிவு பண்ணிக்கிறோம். பொய்யை ஏன்யா எங்க தலையில கட்டுறீங்க?"

தம்பி கையைச் சட்டையில் துடைத்தான். "தண்ணி ஊத்துனது யாரு, அக்கா?"

"நான்தான்."

"தெரிஞ்சேவா?"

"கூலிக்குடா. நீ வருவேன்னு தெரியாது."

"நான் வரலைன்னா?"

இத்தனை நேரம் மேஸ்திரி மேல் அவளுக்குக் கொதித்தது அப்படியே தன் பக்கம் திரும்பியது.

"நாளைக்குப் பக்கத்துத் தோட்டத்துலயும் இதே கூத்துதான்," என்றாள். "வா, அங்க பாக்க வரப்போறவங்ககிட்ட இப்பவே போய்ச் சொல்லிட்டு வருவோம்."

தம்பி விதைப் பொட்டலத்தைக் கம்பெனி வண்டி மேல் வைத்தான். அவளைத் திரும்பிப் பார்க்காமலே அவளுக்கு முன்னால் நடந்தான்.