தனியாக வைத்த சேறு

ஃப்ரீசர் பெட்டியின் வயர் சுவர்வரை எட்டவில்லை.

"எக்ஸ்டென்ஷன் இருக்குதுங்களா?" என்று பெட்டி கொண்டுவந்தவர் கேட்டார். ஷ்ரவ்யா ஹாலின் மூலையிலிருந்த மேசைக்குப் போய், தன் லேப்டாப்பின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு எக்ஸ்டென்ஷனைச் சுருட்டிக் கொண்டுவந்து கொடுத்தாள். பெட்டி உறுமிக்கொண்டு ஓடத் தொடங்கியது. உள்ளே அவள் நைனா என்று கூப்பிடும் அப்பா சுந்தரராஜுலு வேட்டி சட்டையோடு கிடந்தார். விடியற்காலையில் ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்தது.

"காலைக் கொஞ்சம் நேரா வைங்க. அவருக்கு முட்டி வலி" என்றாள் அம்மா ராமாமணி.

தம்பி ரவிதேஜா பெட்டியைத் திறக்கச் சொல்லி நைனாவின் காலை நேராக்கினான்.

மேசைமேல் லேப்டாப் அணையாமல் இருந்தது. திரையில் அவள் எழுதி முடித்த அறிக்கை. தெற்கே ஒரு துறைமுகத்தை ஆழப்படுத்தப்போகிறார்கள். பெரிய கப்பல்கள் நேராக உள்ளே வர வேண்டுமானால் கடலடியைத் தோண்ட வேண்டும். தோண்டிய சேற்றை நடுக்கடலில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். அதனால் என்ன கெடும் என்று ஆராய்ந்து சொல்லும் வேலை, கோவையில் ஷ்ரவ்யா இருக்கும் சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனத்துக்கு வந்திருந்தது. கடல் பகுதிக்கு அவள்தான் பொறுப்பு. அவள் கையெழுத்தில்லாமல் அறிக்கை போகாது.

சேறு பெரும்பாலும் சுத்தமாகத்தான் இருந்தது. நிலக்கரிக் கப்பல்கள் அணையும் பழைய பெர்த் ஓரத்தில் எடுத்தது மட்டும் அப்படியில்லை. காரீயமும் காட்மியமும் அளவுக்கு மேல். கொட்டப்போகிற இடத்துக்குப் பக்கத்தில்தான் சங்கு குளிப்பவர்கள் மூழ்குகிறார்கள், நண்டு வலை விரிக்கிறார்கள். அந்த பெர்த் சேற்றைக் கடலில் கொட்டக் கூடாது, கரையில் தனியாக இடம் ஒதுக்கிச் சேர்க்க வேண்டும் என்று அவள் எழுதியிருந்தாள். அதற்குச் செலவு கூடும், வேலையும் தள்ளிப்போகும். எல்லாச் சேற்றையும் சேர்த்துச் சராசரி போட்டுவிட்டால் தொல்லையே இல்லை. எண்கள் அளவுக்குள் அடங்கிவிடும்.

நைனாவுக்கும் அவளுக்கும் சண்டை வந்தது இதில்தான். கிணத்துக்கடவு ரோட்டில் அவருக்கு நூல் மில். ரவிதான் இப்போது பார்த்துக்கொள்கிறான். அவர்கள் நூல் கொழும்புக்குப் போய், கப்பல் மாறி, சேர வேண்டிய நாட்டுக்குச் சேர்வதற்குள் வாங்குகிறவர்கள் வேறு ஆளைத் தேடிவிடுகிறார்கள். துறைமுகத்தைச் சீக்கிரம் ஆழமாக்க வேண்டும் என்று மில்காரர்கள் கூட்டத்தில் மேடையேறிப் பேசியவர் நைனா.

"ஏங் கண்ணு, பஞ்சுல நாங்க மிக்சிங் போடறதில்லையா? ஒரு அழுக்குப் பஞ்சு பேலை நாலு நல்ல பேலோட கலந்துபோட்டா நூல் வெள்ளையாத்தான் வருது."

"நூலை யாரும் திங்கறதில்லீங் நைனா."

அதற்குப் பிறகு அவர் அவளிடம் சரியாகப் பேசவில்லை. சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்பார். அப்புறம் நெஞ்சில் நீர் கோத்து ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆனது. அவள் அம்மாவுக்குத் துணையாக இந்த வீட்டுக்கே வந்து, ஆபீஸ் வேலையையும் இங்கிருந்தே பார்த்தாள்.

நேற்று மத்தியானம் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, அவர் ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கினார்.

"அந்தச் சேறு... கலந்துபோட்டியா?"

"இல்லீங் நைனா. தனியாத்தான் வெச்சிருக்கேன்."

அவர் கண் கூரைக்குப் போனது.

"ரவிக்குத்தான் கஷ்டம்" என்றார். பிறகு, "அந்த ஃபேனைக் கொறை."

அவளிடம் அவர் கடைசியாகப் பேசியது அவ்வளவுதான். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று ஆம்புலன்ஸில் அவர் கால்மாட்டில் உட்கார்ந்து வரும்போதுகூட அவளுக்குப் பிடிபடவில்லை.

வெயில் ஏறியதும் சொந்தக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். அவிநாசியிலிருந்து வேனில் வந்த பெண்கள் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவர்களுக்குப் பின்னால் மாலையோடு வந்தவர் பாலகோபால், ஷ்ரவ்யாவின் நிறுவனத்தை நடத்துபவர். மாலையைப் போட்டுக் கும்பிட்டுவிட்டு அவளைக் கண்ணால் வெளியே அழைத்தார். போர்ட்டிகோவில், கழற்றிப்போட்ட செருப்புகளுக்கு நடுவே நின்றார்கள்.

"இந்த நேரத்துல கேக்கறது தப்புதாம்மா. ஆனா அனுமதி தர்ற டெல்லிக் கமிட்டிக்கு இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள அனுப்பியாகணும். துறைமுகத்துக்காரங்க காலையிலிருந்து போன் மேல போன்."

"அனுப்பிடலாம் சார். நான் முடிச்சிட்டேனே."

"அந்தச் சேத்து அட்டவணையை மட்டும் கொஞ்சம் மாத்தியிருக்கேன். சராசரிதான். அதுல பொய் ஒண்ணுமில்லையே? நீ படிக்கக்கூட வேண்டாம். உன் போனுக்கு ஓடிபி வரும். அதைச் சொன்னாப் போதும், கையெழுத்து விழுந்துரும்."

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் கையில் போன் அதிர்ந்தது. எண் வந்துவிட்டது.

சொல்லிவிட்டால் என்ன என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. இரவு முழுக்கத் தூங்கவில்லை. அம்மா காலையிலிருந்து சர்க்கரை மாத்திரை போடவில்லை. உள்ளே போய் நைனா பக்கத்தில் உட்கார வேண்டும். இந்த எண்ணைச் சொன்னால் இவர் போய்விடுவார்.

"மாட்டேன் சார்" என்றாள். "என் அட்டவணையோட அனுப்பறதுன்னா இப்பவே சொல்றேன்."

"யோசிம்மா. உங்கப்பாவே இதுக்காக எவ்வளவு பேசியிருக்காரு. மேடையில பக்கத்துல உக்காந்து கேட்டவன் நான். அவர் ஆசைன்னு நெனச்சாவது..."

தண்ணீர் கேன்களை இறக்கிவைத்துக்கொண்டிருந்த ரவிதேஜா நிமிர்ந்தான். சட்டையில்லாமல், தோளில் துண்டோடு இருந்தான்.

"ஏனுங் சார்" என்றான். "அக்காதான் மாட்டேன்னு சொல்லிட்டாங்களே."

"தம்பி, இதுல உங்க மில்லுக்குந்தான்..."

"தெரியுங்க. நைனாவை எடுக்கற நேரமாச்சு. நீங்க உள்ள வந்து உக்காருங்க."

மரியாதையாகத்தான் சொன்னான். சாவு வீட்டில் 'போய்ட்டு வாரேன்' என்று யாரும் சொல்வதில்லை. பாலகோபாலும் எதுவும் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். அது வழக்கத்துக்காகவா, கோபத்திலா என்று அவர் முதுகைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

நைனாவை மின்மயானத்துக்குக் கொண்டுபோனார்கள். பெண்கள் கேட்டோடு நின்றுவிட்டார்கள். வீட்டைக் கழுவிவிட்டு, தலைக்கு ஊற்றிக்கொண்டு ஷ்ரவ்யா வெளியே வந்தபோது போனில் பாலகோபாலின் மூன்று அழைப்புகள் இருந்தன. திருப்பிக் கூப்பிட்டாள்.

"வேற யார் கையெழுத்தும் செல்லாதாம்" என்றார் அவர். குரலில் கோபமும் இல்லை, கனிவும் இல்லை. "உன் அட்டவணையே போகுது. பைலை உனக்கு அனுப்பியிருக்கேன். பார்த்துட்டு ஓடிபி சொல்லு."

அவள் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள். ஈரத் தலையிலிருந்து திரையில் தண்ணீர் சொட்டியது. புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டுப் புதிதாக வந்த எண்ணைச் சொன்னாள்.

"திங்கக்கிழமை ஆபீஸுக்கு வா, பேசணும்" என்று சொல்லி அவர் போனை வைத்தார்.

மூன்றாம் நாள் அஸ்தி கரைக்க வேண்டும். "நொய்யல் வேண்டாம், அது சாயத் தண்ணி" என்று அம்மா தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். "எங்க ஊர்ப் பவானியில போட்டுட்டு வாங்க." அம்மா பிறந்தது சத்தியமங்கலத்தில். அக்காவும் தம்பியும் மட்டும் காரில் கிளம்பினார்கள். மண்கலயத்தை ஷ்ரவ்யா மடியில் வைத்திருந்தாள்.

கார் அன்னூரைத் தாண்டியது.

"மில் சங்கத்து குரூப்ல பேசிக்கறாங்க" என்றான் ரவி. "துறைமுக வேலை ஒரு வருஷமாச்சும் தள்ளிப்போகுமாம்."

"சமாளிச்சிருவியா?"

"பாக்கலாங்க்கா."

ஒரு லாரியைத் தாண்டிப் போனான்.

"நைனா எங்கிட்டயும் சொன்னாரு. 'அக்கா கலக்கலையாம்டா'ன்னு."

"எப்படிச் சொன்னாரு? திட்டினாரா?"

ரவி யோசித்தான்.

"தெரியலீங். ஊசி போட வந்த நர்ஸ்கிட்டயும் சொன்னாரு. 'எம் பொண்ணு கலக்கமாட்டேன்னுட்டா'ன்னு. அந்தப் பொண்ணுக்கு என்ன புரிஞ்சுதோ, சிரிச்சிட்டுப் போச்சு."

ஷ்ரவ்யா ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள். காற்று அடித்ததும் கலயத்தின் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

பவானியில் தண்ணீர் கரையோரமாகக் குறைந்திருந்தது. சடங்கு செய்துவைத்தவர் படித்துறையில் நின்றபடி, "இங்க ஆழம் பத்தாதுங்க. இன்னும் கொஞ்சம் உள்ள போங்க" என்றார்.

ரவி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினான். ஷ்ரவ்யாவும் இறங்கினாள். பெண் இறங்குவதைப் பார்த்துச் சடங்கு செய்பவர் ஏதோ சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டார். முழங்காலுக்கு மேல் தண்ணீர் வந்த இடத்தில் இருவரும் சேர்ந்து கலயத்தைச் சாய்த்தார்கள். அவர்கள் கால்பட்டு அடியிலிருந்த வண்டல் கிளம்பியிருந்தது. அதில் சாம்பல் எது, மண் எது என்று தெரியவில்லை.

"வந்துருங்க" என்று கரையிலிருந்து குரல் வந்தது.

தண்ணீர் தெளியட்டும் என்று இருவரும் காலை அசைக்காமல் நின்றார்கள்.